பழைய கசெட்டிலிருந்து படம் எடுக்கும்போது விழும் சீப்புப் பல்

மலையகத்தில் எத்தனையோ வீடுகளில் அப்பாயியின் முகம் கல்யாண கசெட்டில் மட்டும்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் தோட்டத்து லயத்தில் யாரிடமும் கமரா கிடையாது. டவுன் ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுக்கக் கையில் காசு கிடையாது. அடையாள அட்டையே கிடைக்காமல் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. பேரனின் கல்யாணத்துக்கு வந்த வீடியோக்காரர் பந்தலைச் சுற்றிக் கமராவைத் திருப்பியபோது, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நாலைந்து விநாடி அவர் தெரிகிறார். சுவரில் மாட்டுவதற்கும் கருமாதி அட்டையில் போடுவதற்கும் அந்த நாலைந்து விநாடிதான் மிச்சம். அதை நிறுத்திப் படமாக எடுத்தால் கன்னத்து ஓரம், காது, கை எல்லாம் சீப்புப் பல்போல கோடு கோடாக நிற்கும். "பழைய கசெட், அப்படித்தான் வரும்" என்று சொல்லி அந்தப் படத்தையே பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிக் கொடுக்கத் தேவையே இல்லை. அந்தக் கோடு கசெட்டின் பழுது அல்ல. செய்ய வேண்டியதை வரிசைப்படி செய்தால் முழுவதும் எடுத்துவிடலாம். வரிசை தப்பினால்தான் அது படத்தில் ஊறிப்போய் நிரந்தரமாகிவிடும்.

காரணத்தை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பின்னால் வரும் ஒவ்வொரு படியும் இதிலிருந்துதான் வருகிறது. இலங்கையில் தொலைக்காட்சி ‘பால்’ (PAL) எனும் ஒளிபரப்பு முறை. ரூபவாஹினி 1982இல் தொடங்கியதும் அந்த முறையில்தான். பால் படத்தில் மொத்தம் 625 வரி, அதில் கண்ணுக்குத் தெரிவது 576. விநாடிக்கு 25 பிரேம். ஆனால் கமரா அந்த 576 வரியையும் ஒரே வீச்சில் எடுப்பதில்லை. ஒன்று விட்டு ஒன்றாக 288 வரியை எடுக்கும். 1/50 விநாடி கழித்து, இடையில் விட்ட 288 வரியை எடுக்கும். இந்த அரைப்படத்துக்குப் பெயர் ஃபீல்ட். பழைய குழாய் டிவி எடுத்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியதால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கணினி இரண்டையும் கோத்து ஒரே படமாக நிறுத்துகிறது. அந்த 1/50 விநாடியில் அசைந்தது எதுவோ அது பல்லாக நிற்கிறது, அசையாதது சுத்தமாக இருக்கிறது.

ஆக, உங்கள் கையில் இருக்கும் ஒரு பிரேம் உண்மையில் இரண்டு படம். வேலை முழுவதும் அந்த இரண்டையும் கலக்காமல் பிரித்து, நல்லதை எடுப்பதுதான்.

பல்லின் நீளத்தை வைத்தே அசைவின் வேகத்தைச் சொல்லலாம். திரையின் 720 பிக்சல் அகலத்தை ஒரு விநாடியில் கடக்கும் கை, 1/50 விநாடியில் 14 பிக்சல் நகர்ந்திருக்கும். திருவிழாவில் தப்பு அடிப்பவரின் குச்சி அதைவிட வேகம். கொழுந்து பறிக்கும் கையும் அப்படித்தான். அதே பிரேமில் பின்னால் நிற்கும் கோயில் தூணில் ஒரு பல்கூட இராது. கமராவைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து எடுத்த காட்சி என்றால் தூணும் சேர்ந்தே பல் காட்டும்.

சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா போன சொந்தக்காரர்கள் கோத்தகிரியிலிருந்தோ கூடலூரிலிருந்தோ அனுப்பிய கசெட்டும் பால் முறைதான், ஒரே கணக்கு. கனடாவிலிருந்து வந்தது என்றால் என்டிஎஸ்சி என்ற வேறு முறையாக இருக்கும்: 480 வரி, விநாடிக்குச் சுமார் 60 ஃபீல்ட். வழி ஒன்றுதான், எண்கள்தான் வேறு.

கை வைப்பதற்கு முன்னால் படத்தை 400% பெரிதாக்கிப் பாருங்கள். உண்மையான சீப்புப் பல் என்றால் ஒவ்வொரு வரியும் மாறி மாறி இடமும் வலமும் தள்ளி இருக்கும், அசைந்த பொருளின் ஓரத்தில் மட்டும் இருக்கும். இதற்கு வெளியே மூன்று வேறு நோய்கள் இதே முகத்தோடு வருகின்றன, மருந்து வேறு.

அசையாத கதவு நிலை நெளிந்து நெளிந்து தெரிகிறது, நெளிவு வரி வரியாக இல்லாமல் அலைபோல இருக்கிறது என்றால் அது டேப் ஓட்டத்தின் ஆட்டம். ஃபீல்ட் பிரித்தாலும் போகாது. வரிகளின் நேரத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் உள்ள வீடியோ டெக்கோ, அனலொக் சிக்னலை உள்ளே வாங்கி வெளியே அனுப்பும் டிஜிட்டல்8 கமராவோ இடையில் வைத்துத் திரும்ப ஓட்ட வேண்டும்.

இரண்டாவது, அசையாத இடத்திலும் ஒன்று விட்டு ஒரு வரி வெள்ளைப் புள்ளியாக, பனி பெய்ததுபோல இருப்பது. வீஎச்எஸ் டெக்கின் உருளையில் டேப்பை வாசிக்கும் ஹெட் இரண்டு எதிரெதிராக உண்டு. பால் முறையில் உருளை விநாடிக்கு 25 சுற்றுச் சுற்றும், ஒரு சுற்றில் ஒவ்வொரு ஹெட்டும் ஒரு ஃபீல்டை வாசிக்கும். ஒரு ஹெட்டில் அழுக்கு அடைத்தால் ஒரு ஃபீல்ட் மட்டும் பாழ். அதை மென்பொருளில் சரிசெய்ய உட்காராதீர்கள். டெக்கைக் கரண்டிலிருந்து கழற்றி, மேல் மூடியைத் திறந்து, ஐசோபுரொப்பைல் அல்கஹோல் நனைத்த மான்தோல் துண்டை உருளையின் பக்கத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் உருளையை மெதுவாகச் சுற்றுங்கள். துண்டை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். பஞ்சு வேண்டாம், நூல் மாட்டிக்கொள்ளும். ஐந்து சுற்றுப் போதும். நன்றாக உலர்ந்தபிறகு ஓட்டுங்கள். நம் ஊர்க் குளிரிலும் மூடுபனியிலும் கசெட்டில் பூஞ்சணம் பிடிப்பது சாதாரணம். கசெட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் டேப் சுருளின் பக்கவாட்டில் வெள்ளை நூல்போலத் தெரியும். அந்தக் கசெட்டைச் சுத்தம் செய்யாமல் டெக்கில் போட்டால் ஹெட் அடைப்பதோடு, அடுத்து அதே டெக்கில் போடும் கசெட்டுக்கும் பூஞ்சணம் போகும்.

மூன்றாவதுதான் மோசமானது. பல் ஒரே சீராக இல்லாமல், இரண்டு வரி தடிப்பாக, அடுத்து மூன்று வரி மங்கலாக, பிறகு மறைந்து, மறுபடி தோன்றும். யாரோ இடையில் படத்தின் உயரத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 576 வரியை 480 ஆகவோ 720 ஆகவோ இழுத்தபோது இரண்டு ஃபீல்டின் வரிகளும் ஒன்றோடொன்று குழைந்துவிட்டன. வட்ஸ்அப்பில் வந்த துண்டு, இணையத்தில் ஏற்றி இறக்கிய கொப்பி எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. இதைப் பிரிக்க வழியில்லை. மூல கசெட்டையோ டீவீடியையோ கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் வீட்டுக்கே போய்ப் பிரதி எடுங்கள், அந்தப் பயணம் வீண்போகாது.

விசீடி கொண்டுவந்தால் கதை வேறு. அதில் படம் 352க்கு 288 மட்டுமே. ஒரு ஃபீல்டின் உயரம்தான் அது. பல் இராது, பிரிக்கவும் எதுவும் இல்லை. அதே கல்யாணத்தின் கசெட் எங்காவது கிடந்தால் விசீடியை ஓரமாக வைத்துவிட்டு அதைத் தேடுங்கள்.

இனி கணினிக்குள் ஏற்றுவது. மினிடிவி எனும் சிறிய டிஜிட்டல் கசெட் என்றால் ஃபயர்வயர் கேபிளில்தான் இழுக்க வேண்டும். கமராவில் இருக்கும் யூஎஸ்பி துவாரம் பெரும்பாலும் மெமரி கார்ட் படங்களுக்கு மட்டும் ஆனது. ஃபயர்வயரில் வருவது டேப்பில் இருக்கும் தரவு அப்படியே, ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி. வீஎச்எஸ், ஹை8 என்றால் அனலொக் படத்தைக் கணினிக் கோப்பாக மாற்றும் கெப்ச்சர் கருவி வேண்டும். 720க்கு 576 என்று வையுங்கள், 640க்கு 480 வேண்டவே வேண்டாம். ஹஃப்யூவ் அல்லது லகரித் போல இழப்பில்லாமல் சுருக்கும் கோடெக்கில் ஏற்றுங்கள். சுருக்காமல் ஏற்றினால் மணிக்கு ஏறக்குறைய 75 ஜிபி, இந்தக் கோடெக்கில் அதில் பாதி. முழுக் கசெட்டுக்கும் இடமில்லாவிட்டால் வேண்டிய பத்து நிமிடத்தை மட்டும் இப்படி ஏற்றுங்கள், மீதியைச் சாதாரணமாக ஏற்றிக்கொள்ளலாம்.

கெப்ச்சர் மென்பொருளில் 'டீஇன்டர்லேஸ்', அதாவது ஃபீல்ட் கோத்த பல்லை நீக்குவது, என்று ஒரு பெட்டி பல தடவை டிக் போட்டே வரும். அதை எடுத்துவிடுங்கள். அதில் பெரும்பாலும் ஓடுவது 'பிளெண்ட்', அதாவது இரண்டு ஃபீல்டையும் பாதிப் பாதியாகக் கலப்பது. திரையில் பார்க்கும்போது பல் மறைந்து அழகாகத்தான் இருக்கும். நிறுத்தினால் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முகம் நிழலாக நிற்கும். கலந்த பாலையும் தண்ணீரையும் பிரிக்கிற மாதிரிதான் அப்புறம்.

பிரேம் எடுப்பதற்கு எளிய வழி விஎல்சி என்ற வீடியோ பிளேயர். 'வீடியோ' மெனுவில் 'டீஇன்டர்லேஸ்' என்பதை 'ஆஃப்' செய்யுங்கள். வேண்டிய இடத்துக்குக் கிட்ட நிறுத்தி, ஆங்கில 'ஈ' விசையை அழுத்தினால் ஒவ்வொரு பிரேமாக நகரும். ஷிஃப்டும் 'எஸ்'ஸும் சேர்த்து அழுத்தினால் படம் சேமிக்கப்படும். முன்னதாக 'பிரிஃபரன்ஸஸ்' போய் 'வீடியோ' பகுதியில் ஸ்னாப்ஷொட் வகை 'பிஎன்ஜி' என்று இருக்கிறதா என உறுதிசெய்துகொள்ளுங்கள். ஜேபெக் ஆக இருந்தால் அப்போதே பாதி கெட்டது. ஜேபெக் பக்கத்து வரிகளின் நிறத்தை ஒன்றாக்கிச் சேமிக்கும். பக்கத்து வரி என்பது இங்கே வேறொரு கணத்தின் வரி. எடுத்த படத்தின் உயரம் சரியாக 576 இருக்கிறதா என்றும் பாருங்கள். அகலம் மாறியிருந்தால் பரவாயில்லை. உயரம் ஒரு வரி மாறியிருந்தாலும் அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வழியில் எடுங்கள்.

ஃபோட்டோஷொப்பில் திறந்தவுடன், வேறு எதையும் தொடுவதற்கு முன், 'ஃபில்டர்' மெனுவில் 'வீடியோ', அதில் 'டி-இன்டர்லேஸ்'. இரண்டு கேள்வி கேட்கும். எந்த ஃபீல்டை நீக்குவது, ஒற்றை வரியையா இரட்டை வரியையா? காலியான வரியை எப்படி நிரப்புவது, பக்கத்து வரியை இரட்டித்தா, மேல் வரியையும் கீழ் வரியையும் வைத்து இடைக்கணித்தா? இரண்டாவதற்கு எப்போதும் 'இன்டர்பொலேஷன்'. இரட்டித்தால் சேலைக் கரை, மூக்குத்தி, கண்ணிமை எல்லாம் படிக்கட்டாக நிற்கும். முதல் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. லேயரை இரண்டாக டியூப்ளிகேட் செய்து, ஒன்றில் ஒற்றை வரியையும் மற்றதில் இரட்டை வரியையும் நீக்குங்கள். இப்போது 1/50 விநாடி இடைவெளியில் எடுத்த இரண்டு முழுப் படம் உங்களிடம் இருக்கிறது. மேல் லேயரின் கண் அடையாளத்தை அணைத்தும் ஏற்றியும் பாருங்கள். ஒன்றில் இமை பாதி மூடி, மற்றதில் திறந்து இருக்கும். ஒன்றில் உதடு குழைந்து, மற்றதில் தெளிந்து இருக்கும். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் ஒரே பக்கத்தை எப்போதும் நீக்குகிறவர்கள் நல்ல படத்தில் பாதியைப் பார்க்காமலே எறிகிறார்கள்.

கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் 'ஃபில்டர்ஸ்' மெனுவில் 'என்ஹான்ஸ்', அதற்குள் 'டீஇன்டர்லேஸ்'. அங்கே கேட்பது எதை வைத்திருப்பது என்று, ஃபோட்டோஷொப் கேட்பது எதை நீக்குவது என்று. மாறிப் போட்டுக் குழம்பாதீர்கள்.

இரண்டும் இல்லாத பழைய கணினியா? படத்தின் அளவை மாற்றத் தெரிந்த எந்த மென்பொருளும் போதும். விகிதப் பூட்டைக் கழற்றிவிட்டு, அகலத்தைத் தொடாமல் உயரத்தை மட்டும் 576லிருந்து 288 ஆக்குங்கள். முறை 'நியரஸ்ட் நெய்பர்' ஆக இருக்க வேண்டும். அது வரிகளைக் கலக்காமல் ஒன்று விட்டு ஒன்றை அப்படியே எறியும், மிஞ்சுவது ஒரே ஃபீல்ட். பிறகு 'பைகியூபிக்' முறையில் திரும்ப 576 ஆக்குங்கள். மற்ற ஃபீல்ட் வேண்டுமென்றால் மூலப் படத்தின் உச்சியில் ஒரு வரியை வெட்டி, அடியில் ஒரு வரியைச் சேர்த்து, உயரம் 576 என்பதைக் காத்துக்கொண்டு, இதையே திரும்பச் செய்யுங்கள். இந்த வழியில் எடுத்த இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒரு வரி உயர வித்தியாசம் இருக்கும். அம்பு விசையால் நகர்த்திச் சரிசெய்யலாம்.

எடுத்த இடமே சரியா என்பது அடுத்தது. பல் போனாலும் மங்கல் போகாது. தோட்டத்துக் கல்யாணத்தில் ஒரே ஒரு வீடியோ லைட்டின் வெளிச்சத்தில் கமரா 1/50 விநாடி முழுவதும் திறந்திருக்கும். அந்த நேரத்தில் தலை திரும்பினால் ஒவ்வொரு ஃபீல்டும் தனக்குள்ளேயே இழுபட்டிருக்கும். ஃபில்டரை மாற்றி மாற்றிப் போட்டு அதைத் தெளிய வைக்க முடியாது. வேறு கணத்தைத் தேட வேண்டும். அசைவு திசை மாறும் இடத்தில் வேகம் ஒரு கணம் நின்றுபோகும். தப்புக்குச்சி மேலே போய்க் கீழே இறங்கத் தொடங்கும் இடம், தலை ஒரு பக்கம் திரும்பி முடிந்த இடம், அட்சதை போட்ட கை திரும்பும் இடம். அங்கே ஏழெட்டு ஃபீல்டை வரிசையாகப் பாருங்கள்.

அப்படி ஃபீல்ட் ஃபீல்டாகப் பார்க்க விர்ச்சுவல்டப் என்ற வீடியோ மென்பொருள் வசதியானது. ஃபில்டர் பட்டியலில் 'பொப் டபுளர்' சேர்த்தால் 25 பிரேம் 50 ஆக விரியும், ஒவ்வொரு ஃபீல்டும் தனிப் படம். அம்பு விசையால் நகர்த்தி, பிடித்ததை 'கொப்பி அவுட்புட் ஃபிரேம் டு கிளிப்போர்ட்' என்று எடுத்து ஃபோட்டோஷொப்பில் ஒட்டலாம். இங்கே மட்டும் ஃபீல்டின் வரிசையைச் சரியாகச் சொல்ல வேண்டும். படத்தின் உச்சி வரி இருப்பது மேல் ஃபீல்ட், மற்றது கீழ் ஃபீல்ட். மினிடிவி என்றால் கீழ் ஃபீல்ட் முதலில். எச்டிவி (HDV), ஏவிசிஎச்டி கமரா என்றால் மேல் ஃபீல்ட் முதலில். டீவீடி பெரும்பாலும் மேல், ஆனால் மினிடிவியிலிருந்து அடித்த டீவீடி கீழாகவும் இருக்கும். தப்பாக வைத்தால் உடனே தெரியும்: ஒவ்வொரு படமாக நகர்த்தும்போது கை முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போகும். ஒரே ஒரு பிரேமைப் பிரித்துப் படம் எடுக்கும்போது இந்த வரிசை எதையும் மாற்றாது. எது முன், எது பின் என்பதுதான் மாறும், படம் அதேதான்.

ஏவிஐசின்த் என்ற மென்பொருளில் ஓடும் கியூடிஜிஎம்சி என்ற ஸ்க்ரிப்ட் இதைவிட நன்றாகச் செய்யும். முன்பின் ஃபீல்டுகளைப் பார்த்து, விடுபட்ட வரியை நிரப்பும். அதை அமைக்கப் பொறுமை வேண்டும், பழைய கணினியில் மிக மெதுவாக ஓடும். கசெட்டின் இரைச்சலோடு சேர்த்துத் தோலின் சுருக்கத்தையும் மழித்துவிடும் குணமும் அதற்கு உண்டு. வயதானவர் முகத்துக்கு அதன் மழிப்பைக் குறைத்து வையுங்கள்.

கல்யாண வீடியோவில் ஒரு விசேஷம், ஃபோட்டோக்காரரின் ஃபிளாஷ். அது 1/1000 விநாடி அளவுக்கு அடித்து அணைந்துவிடும். சீசீடி சென்சர் உள்ள கமராவில் அந்த வெளிச்சம் ஒரே ஒரு ஃபீல்டில்தான் விழும். அந்தப் பிரேமை நிறுத்தினால் ஒரு வரி வெள்ளை, ஒரு வரி இருட்டு என்று முழுப் படமும் பாய்போல இருக்கும். பார்த்தவுடன் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்ட வேண்டாம், பிரித்துப் பாருங்கள். வெளிச்சம் விழுந்த ஃபீல்டில் முகம் வெளிறிப்போகாமல் இருந்தால், முழுக் கசெட்டிலும் கூர்மையான படம் அதுவாகத்தான் இருக்கும். 1/1000 விநாடியில் எந்தத் தலையும் அசைவதில்லை. மணமக்களுக்குப் பின்னால் இரண்டாம் வரிசையில் இருட்டில் நிற்கும் தாத்தாவுக்கு அந்த ஃபிளாஷ் சரியான அளவாகவே விழுந்திருக்கும். முன்னால் நிற்கும் மணப்பெண் வெளிறியிருப்பதைப் பார்த்து அந்தப் பிரேமைக் கைவிடுவது பெரிய இழப்பு.

ஒரு ஃபீல்டை நீக்கினால் உயரத்தில் பாதி விவரம் போகிறதே என்பது நியாயமான கவலை. கமரா முக்காலியில் நின்ற காட்சி என்றால் இழக்காமல் செய்யலாம். கீழே மூலப் படம், மேலே ஃபீல்ட் பிரித்த படம். மேல் லேயருக்குக் கறுப்பு மாஸ்க் போட்டால் கீழே இருக்கும் மூலம் மட்டும் தெரியும். இப்போது ஓரம் மென்மையான வெள்ளைத் தூரிகையால் பல் தெரியும் இடங்களில் மட்டும் தடவுங்கள்: கை, உதடு, காற்றில் ஆடும் முந்தானை. தடவிய இடத்தில் 288 வரியின் விவரம், தடவாத இடத்தில் 576 முழுதாக. மாலையின் பூ, கோயில் சுவரின் எழுத்து, பின்னால் தேயிலைச் சரிவின் வரிசை எல்லாம் கூர்மையாகவே நிற்கும். பத்து நிமிட வேலை. முகத்தைத் தடவும்போது பாதி முகத்தில் நிறுத்தாதீர்கள். ஒரு கன்னம் கூர்மையும் மறு கன்னம் மென்மையுமாக இருந்தால் கண் அங்கேயே போய் நிற்கும். முகம் என்றால் முடிக்கோட்டிலிருந்து கழுத்துவரை முழுதாகத் தடவிவிடுங்கள்.

பல் போய்விட்டது, ஆனால் சிவப்புக் கூறைச்சேலையின் ஓரத்தில் மட்டும் சிவப்பு இழை இழையாக இன்னும் நிற்கிறதா? அது நிறத்தின் பல். டீவீடியிலும் பால் முறை மினிடிவியிலும் நிறத்துக்கு வெளிச்சத்தில் பாதி வரிதான் இருக்கும், அதுவும் ஃபீல்டுக்கு ஃபீல்ட் தனியாகச் சேமிக்கப்படும். அதை விரிக்கும் மென்பொருள் இது இன்டர்லேஸ் என்று அறியாமல் விரித்தால் இரண்டு கணத்தின் நிறமும் கலந்துவிடும். வெளிச்சத்தைப் பிரித்தாலும் நிறம் கலந்தபடியே இருக்கும். வேறொரு மென்பொருளில் அதே பிரேமை எடுத்துப் பாருங்கள், பல தடவை அதோடு சரியாகிவிடும். ஆகாவிட்டால், படத்தை, வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனி சேனலில் வைக்கும் லெப் வண்ணமுறைக்கு மாற்றி, 'ஏ', 'பி' என்ற இரண்டு நிற சேனலை மட்டும் தேர்ந்து, 1.5 முதல் 2 பிக்சல் வரை 'காசியன் பிளர்' கொடுங்கள். 'எல்' சேனலைத் தொடாதீர்கள். கூர்மை முழுவதும் 'எல்'லில் இருப்பதால் கண்ணுக்கு மங்கல் தெரியாது, சிவப்பு இழை அடங்கிவிடும். வீஎச்எஸ் படத்தில் நிறம் வலப்பக்கம் சில பிக்சலும் கீழே ஓரிரு வரியும் நகர்ந்திருப்பதும் வழக்கம். கொப்பியின் கொப்பி என்றால் இன்னும் கூடும். குங்குமப் பொட்டு நெற்றியில் ஓரிடத்திலும் அதன் சிவப்பு பக்கத்திலும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே இரண்டு சேனலையும் இடப்பக்கம் 2 அல்லது 3 பிக்சல், மேலே 1 பிக்சல் நகர்த்தினால் பொட்டு தன் இடத்துக்கு வந்துவிடும்.

இரைச்சல் அதிகமாக இருந்து, முகம் கால் விநாடியாவது அசையாமல் இருந்தால், ஒரே படத்தை மழிப்பதைவிடப் பல படத்தைச் சேர்ப்பது மேல். விர்ச்சுவல்டப்பில் விரித்த ஃபீல்டுகளில் அடுத்தடுத்த ஒன்பதை எடுத்து, ஃபோட்டோஷொப்பில் 'ஸ்க்ரிப்ட்ஸ்' வழியாக ஒரே அடுக்காக ஏற்றி, தானாகச் சேர்த்து நிறுத்தும் வசதியையும் டிக் செய்து, ஸ்மார்ட் ஒப்ஜெக்ட் ஆக்கி, ஸ்டாக் மோட் 'மீன்' (Mean, சராசரி) என்று வையுங்கள். ஒன்பது படத்தின் சராசரியில் இரைச்சல் மூன்றில் ஒன்றாகக் குறையும். முகத்தில் இருந்த உண்மையான விவரம் குறையாது. நடுவில் ஒரு ஃபீல்டில் டேப் உரிந்த வெள்ளைக்கோடு விழுந்திருந்தால் நடு மதிப்பை எடுக்கும் 'மீடியன்' வையுங்கள், அந்தக் கோடு முழுதாகக் கழன்றுவிடும்.

இவ்வளவும் முடிந்தபிறகுதான் அளவு. டிவியின் பிக்சல் சதுரம் அல்ல. அகலம் 720 என்றே விட்டால் எல்லோரும் சற்று ஒல்லியாகத் தெரிவார்கள். விஎல்சி அகலத்தை ஏற்கெனவே மாற்றியிராவிட்டால், 4:3 படத்துக்கு அகலத்தை 788 ஆக்கி உயரத்தை 576 ஆகவே விடுங்கள். பிறகு பக்கத்துக் கறுப்பு ஓரங்களை வெட்டினால் 768 வரும். வீஎச்எஸ் படத்தின் அடியில் ஏழெட்டு வரி கிழிந்து வளைந்திருக்கும், ஹெட் மாறும் இடம் அது, அதையும் இப்போது வெட்டுங்கள். முன்னமே வெட்டியிருந்தால் ஒற்றை, இரட்டை வரிக் கணக்கு குழம்பியிருக்கும்.

பிரிண்ட் விஷயத்தில் வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 4க்கு 6 அங்குல பிரிண்டில் 576 வரியைப் போட்டால் அங்குலத்துக்கு 144 வரி, கையில் வைத்துப் பார்க்க நன்றாகவே இருக்கும். 12க்கு 18 ஆக்கினால் 48 வரிதான். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கலாம், கிட்டப் போய்ப் பார்த்தால் உடைந்து தெரியும். மினுமினுப்பான தாளைவிட மட் தாள் இந்தப் படங்களுக்குப் பொருந்தும், இரைச்சலை விழுங்கிக்கொள்ளும். 'ஷார்ப்பன்' கடைசியில், பெரிதாக்கியபிறகு, கொஞ்சமாக.

இப்போது முகத்தைத் தானாகத் தெளிவாக்கும் ஏஐ செயலிகள் எல்லார் ஃபோனிலும் இருக்கின்றன. பல் உள்ள படத்தை அதில் போட்டால் பல்லைத் தாடியென்றும் சுருக்கமென்றும் எடுத்துக்கொண்டு அதற்கு மெருகு போடும். பிரித்தபிறகு போட்டாலும் கவனம் வேண்டும். முகம் 60, 70 பிக்சல் மட்டும் இருக்கும்போது அந்தச் செயலி தெளிவாக்குவதில்லை, புதிதாக வரைகிறது. பல்வரிசை வேறாகிவிடும், கண் பெரிதாகிவிடும், காதுத் தண்டட்டி தோடாகிவிடும். வெளியாளுக்கு அது அழகான பாட்டி. மகளுக்கு அது அம்மா இல்லை. அப்படி ஒரு படத்தை மாலை போட்டு மாட்டச் சொல்லிக் கொடுக்க நமக்கு உரிமை கிடையாது. செயலியில் போட்டே ஆக வேண்டும் என்று கேட்டால், அதன் விளைவை 30% மட்டும் மேல் லேயராக வைத்து, பிரித்த மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டி, முகம் அறிந்த ஒருவரை உட்காரவைத்துக் கேட்டபிறகே பிரிண்டுக்கு அனுப்புங்கள். எடுத்த பிஎன்ஜி பிரேமையும் அந்தப் பத்து நிமிட வீடியோத் துண்டையும் பென் டிரைவில் போட்டு வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அடுத்த கொப்பியை அவர்கள் ஃபோனில் வந்த ஜேபெக்கிலிருந்து எடுக்காமல் அதிலிருந்து எடுக்கட்டும்.